பதினைந்து நாள் முகாமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும்

கேள்வி: எங்கள் கிராமம் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் இருபது பேர் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். குடியால் ஊரில் பல குடும்பங்கள் சீரழிந்து கிடக்கின்றன. சொந்தமாக ஒரு மறுவாழ்வு மையம் கட்டலாமா, வேறு ஏதாவது செய்வது நல்லதா?

கட்ட வேண்டாம். அந்தப் பணத்தை ஒரு சிகிச்சை முகாமுக்கும், முகாம் முடிந்த பிறகு ஒரு வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கப்போகும் ஒருவரின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். நூறு ரூபாய் இருந்தால் நாற்பதை முகாமுக்கும் அறுபதை அந்த ஒரு வருடத்துக்கும் வையுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முகாம் திருவிழா மாதிரி நடக்கும், மூன்றாவது மாதம் பாதிப் பேர் மறுபடி கடை வாசலில் நிற்பார்கள், "இவனுங்க திருந்த மாட்டானுங்க" என்று ஊர் கைகழுவிவிடும்.

கட்டிடம் வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. நோயாளிகளைத் தங்கவைத்துக் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் இடம், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். மனநல மருத்துவர், இரவும் பகலும் செவிலியர், பதிவேடுகள் என்று அதன் தேவைகள் நீளும். இருபது பேரின் நன்கொடையில் ஒரு வருடம் ஓட்டலாம், ஐந்து வருடம் ஓட்ட முடியாது. பதிவில்லாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைப் புறநகர்களில் பார்க்கலாம். ஆளை வேனில் தூக்கிப் போய்ப் பூட்டிவைத்து அடிக்கும் "மறுவாழ்வு இல்லங்கள்" பற்றிய செய்திகள் வந்தபடிதான் இருக்கின்றன. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் நேரடியாகவே தடை செய்கிறது. உங்கள் ஊரிலிருந்து யாரையாவது தனியார் இல்லத்துக்கு அனுப்புவதானால் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், குடும்பத்தார் எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். "ஒரு மாசம் பார்க்கவே கூடாது" என்று பதில் வந்தால் அங்கே விடாதீர்கள்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சென்னையில் இடம் இல்லாமல் இல்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. "கலங்கரை" என்ற பெயரில் 2025இல் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். ஆனால் கூலிக்காரர் ஒருவர் ஒரு மாதம் சென்னையில் தங்கினால் ஒரு மாதக் கூலி போகும். கூட மனைவியும் போனால் இரண்டு கூலி போகும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. இதைப் புரிந்துகொண்டுதான் அந்த அறக்கட்டளை 1980களின் இறுதியில் மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சையையே ஊருக்குக் கொண்டுபோய், 15 நாள் முகாம் என்ற முறையைத் தொடங்கியது. நீங்கள் பின்பற்ற வேண்டிய வழி அதுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதல் வேலை, யாருக்கு எது தேவை என்று பிரிப்பது. குடிப்பவர் எல்லாரையும் முகாமில் சேர்க்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாள் இதற்குப் போதும். மொத்தம் 40 மதிப்பெண். 8 முதல் 15 வரை என்றால் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது, 16 முதல் 19 வரை என்றால் பல அமர்வு ஆலோசனை, 20ம் அதற்கு மேலும் என்றால் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தாள் சுலபமானதுதான், ஆனால் நம் ஊரில் அதை நிரப்பும்போது ஒரு பெரிய தவறு நடக்கிறது. இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை அளவு குடிப்பீர்கள் என்பது. "ஒண்ணுதாங்க" என்பார். அவர் சொல்வது ஒரு குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவீத மது. அதில் ஏறக்குறைய 61 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. தாளில் ஓர் அளவு என்பது 10 கிராம். ஆக அவருடைய 'ஒண்ணு' என்பது ஆறு. தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்கு முதல் மூன்று கேள்விகளில் சரியாகக் கணக்கிட்டால் 10 மதிப்பெண் வரும். 'ஒண்ணு' என்று அப்படியே எழுதினால் 4தான் வரும். இப்படித்தான் சிகிச்சை தேவைப்படுகிறவர் 'பரவாயில்லை' பட்டியலுக்குப் போய்விடுகிறார். தாளின் ஓரத்தில் கட்டிங் 3, குவார்ட்டர் 6, ஆஃப் 12 என்று பேனாவில் எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கும் நீங்கள் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் 2021லிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் கேட்கட்டும். "குடிப்பீங்களா?" என்று தொடங்கினால் "எப்பவாச்சும்" என்ற ஒரே பதில்தான் வரும். "காலையில எழுந்ததும் கை நடுங்குதா? அது நிக்க ஏதாவது குடிக்கணும் போல இருக்கா?" என்று உடம்பிலிருந்து தொடங்கினால் மறைக்கத் தோன்றாது. காலைக் குடி இருந்தால் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் அனுப்பிவிடலாம்.

நடுவில் இருக்கும் 12 முதல் 19 மதிப்பெண்காரர்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, அதிகபட்சம் நான்கு அமர்வு ஆலோசனை கொடுக்கவைத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் அந்தப் பிரிவில் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 26 சதவீதம். பத்து சதவீத வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். உங்கள் ஊரில் ஐம்பது பேர் அந்த நடு வரிசையில் இருந்தால், அது ஐந்து குடும்பம். இந்த வேலைக்கு முகாமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

இனி சொல்வதை உங்கள் இருபது பேரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு செய்து ஆளையே இழக்கும் இடம் இது. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை ஜன்னி பிடிக்கலாம்: இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றைக்கே நிறுத்துகிறவர்களுக்கும், சபரிமலைக்கோ மேல்மருவத்தூருக்கோ மாலை போட்டு நிறுத்துகிறவர்களுக்கும் மூன்றாம் நாள் இப்படி வந்தால், "சாமி குத்தம்", "காத்துக் கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுகிறார்கள். மாலை போடுவதைத் தடுக்காதீர்கள். ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க ஊரே துணைநிற்கும் ஏற்பாடு வேறெங்கே கிடைக்கும்? மாலை போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மருந்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். குருசாமியிடம் சொல்லிவைத்தால் அவரே அனுப்புவார். மாலை கழற்றும் நாளையும் உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிரவு யாராவது அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

முன்பு வலிப்போ ஜன்னியோ வந்தவர், மஞ்சள் காமாலை இருப்பவர், வயிறு வீங்கியவர், ரத்த வாந்தி எடுத்தவர், வயதானவர், தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர் ஆகியோருக்கு முகாம் சரிப்படாது. நேராகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்கு டயஸிபாம் போன்ற மாத்திரையை மருத்துவர் அளவு சொல்லி, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கல்லீரல் கெட்டவருக்கு லோராஸிபாம். பட்டையோடு ஆள் கையில் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுக்க வேண்டும். அந்த மாத்திரையோடு சரக்கும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். வாங்கிய மாத்திரை தீர்ந்த பிறகு மருந்துக் கடையில் தானாக வாங்கித் தொடர்ந்தால் குடி போய் மாத்திரை அடிமைத்தனம் வந்து உட்காரும்.

அப்புறம் குளுக்கோஸ். தளர்ந்து கிடப்பவருக்கு "ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்டு ஏற்றுவது ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் எனும் பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அந்நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படும். கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். இன்னும் போதை தெளியவில்லை என்று எண்ணி விட்டுவிடுவார்கள். பிறகு நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். ஆகவே குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தால் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேட்க உங்கள் தொண்டர்கள் கூச்சப்படக் கூடாது.

முகாமுக்கு 20 முதல் 25 பேர் போதும். முன்கூட்டியே ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். முதல் ஐந்து இரவுகளுக்குச் செவிலியர் கட்டாயம், ஏனென்றால் தொல்லை ராத்திரியில்தான் வரும். கட்டில் வேண்டாம், பாயில் படுக்கவையுங்கள். வலிப்பில் விழுந்தாலும் மண்டை உடையாது. நான்காம் ஐந்தாம் நாளில் தலை தெளிந்த பிறகுதான் குழு ஆலோசனை ஏறும், அதற்கு முன் வகுப்பு எடுப்பது வீண். மனைவிக்கோ அம்மாவுக்கோ தனி அமர்வு குறைந்தது நான்கு நாள் இருக்கட்டும். அந்த அமர்வில் கணவரை எப்படிக் கவனிப்பது என்று மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். அவர்களுக்கும் தூக்கமில்லை, கடன் இருக்கிறது, அடிபட்ட காயம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181ஐ அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

எந்த மாதம் நடத்துவது? மே மாதம் பள்ளிக்கூடம் காலி, ஆனால் கத்திரி வெயிலில் வாந்தி எடுப்பவர்களுக்கு நீர்ச்சத்து வற்றும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் குறையும். ஆனால் ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா, மார்கழி முடிந்தால் பொங்கலும் அறுவடைக் கூலியும். நான் மார்கழியைத்தான் சொல்வேன். முகாமிலிருந்து வெளியே வந்ததும் எதிர்ப்படும் முதல் பண்டிகை பொங்கல் என்று முன்பே தெரிகிறது. காணும் பொங்கலன்று யார் யாரோடு இருக்கப்போகிறார் என்பது வரை முகாமிலேயே பேசி முடிவு செய்துவிடலாம்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழம்பில் டைசல்ஃபிரம் கலந்து கொடுப்பது, "தெரியாமல் கொடுக்கலாம்" என்று விற்கும் பொடியைச் சாப்பாட்டில் போடுவது, இரண்டும் வேண்டாம். டைசல்ஃபிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளி இறந்துகூடப் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். தானே ஒப்புக்கொண்டு, கல்லீரலும் இதயமும் சோதித்து, தினமும் காலையில் மனைவி கையால் வாங்கிச் சாப்பிடுபவருக்கு அது நல்ல மருந்து. அவர் அரிஷ்டமும் மது கலந்த இருமல் டானிக்கும் தொடக் கூடாது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் ஒரு நாளைக்கு ஒன்று என்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதானது. அதே வேலைக்கான அகாம்ப்ரோசேட் தினம் ஆறு மாத்திரை, வயல் வேலையில் மதிய வேளை தவறிவிடும். எதுவானாலும் உள்ளூர் மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைக்காது. 28ஆம் நாள் தீர்ந்து, டவுனுக்குப் போக நேரமில்லாமல் நான்கு நாள் விட்டு, அந்த நான்கு நாளில் சறுக்கியவர்கள் ஏராளம். 21ஆம் நாளே அடுத்த மாதத்து மருந்து ஊருக்கு வந்துவிட வேண்டும்.

இப்போது அந்த ஒரு வருடம். முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். 25 பேர் என்றால் முதல் மாதம் 100 வீட்டுச் சந்திப்பு, அடுத்த மாதங்களில் 50, பிறகு 25. ஒருவரால் முடியும் வேலைதான், ஆனால் சம்பளமும் வண்டிக்கு பெட்ரோலும் கொடுத்தால்தான் முடியும். சேவையாகச் செய்யச் சொன்னால் ஆறாவது வாரம் நின்றுபோகும். குடியை விட்டு இரண்டு வருடமாவது ஆன ஒருவர் கிடைத்தால் அவரையே போடுங்கள். கூட ஒரு பெண் இருப்பது அவசியம், குடிக்கும் பெண்களும் ஊரில் உண்டு, அவர்கள் முகாமுக்கு வரவே மாட்டார்கள். நோட்டில் நான்கு பத்தி போதும்: கடைசியாகக் குடித்த நாள், மருந்து எத்தனை மிச்சம், தூக்கம், வரும் பதினைந்து நாளில் உள்ள ஆபத்து நாள். ஆபத்து நாள் என்பது சனிக்கிழமைக் கூலி, சாவு வீடு, மச்சான் கல்யாணம், நூறு நாள் வேலைப் பணம் கணக்கில் ஏறும் நாள்.

இந்தப் பின்தொடர்தலில் வழக்கமாக நடக்கும் பிழை, நன்றாக இருப்பவர் வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போவது. அங்கே காபி கிடைக்கும், நன்றி கிடைக்கும். மறுபடி குடித்தவர் கண்ணில் படாமல் ஒதுங்குவார், நோட்டில் "தொடர்பில் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். சறுக்கியது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அந்த வீட்டில் ஆள் இருக்க வேண்டும், திட்டாமல். அப்போதே பிடித்தால் இரண்டு நாள் குடியோடு நிற்கும், விட்டால் இரண்டு மாதம் போகும். முகாம் நிறைவு நாளில் மேடையேற்றிச் சத்தியம் வாங்குவது, மாலை போட்டுப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விடுவது, இவற்றைத் தவிருங்கள். ஊரறியச் சத்தியம் செய்தவர் சறுக்கினால் உங்கள் முகத்தில் விழிக்கவே வெட்கப்பட்டுத் தொடர்ந்து குடிப்பார்.

வாராந்திரக் கூட்டம் ஒன்றும் தேவை. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புக்குச் சென்னையில் தமிழ்க் கூட்டங்கள் நிறைய உண்டு. கேட்டால் அனுபவசாலிகள் வந்து தொடங்கிவைப்பார்கள். இரண்டு பேரும் ஓர் அறையும் இருந்தால் போதும். அறை எந்தத் தெருவில் என்பதில்தான் பல ஊர்களில் கூட்டம் செத்துப்போகிறது. ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர் வர மாட்டார், காலனியில் வைத்தால் ஊர்க்காரர் வர மாட்டார். மறைத்துப் பேசிப் பயனில்லை. துணை சுகாதார நிலையம், ஊராட்சி நூலகம் போன்ற இருவரும் காலெடுத்து வைக்கும் இடமாகப் பாருங்கள், முகாமில் சாப்பாட்டுப் பந்தியும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இளைஞர்கள் விஷயம் வேறு. கஞ்சா, ஹான்ஸ், கூல் லிப், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி ஏற்றுவது எல்லாம் கிராமம் வரை வந்துவிட்டது. மண்டையோட்டுப் படம் போட்ட பதாகையால் ஒரு பையனும் நிறுத்தியதில்லை. பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையை ஊர்ப் பெரியவர்கள் நேரில் போய் நிறுத்தவைத்தால் பலன் உண்டு. வலி மாத்திரை ஊசிக்காரர்களை முகாமில் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு அரசு மருத்துவமனையில் பூப்ரினார்ஃபின் மாற்று மருந்து இருக்கிறது. சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்று சாவார்கள் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

கள்ளச்சாராயத்தையும் மறக்க வேண்டாம். 2023 மே மாதம் மரக்காணம், சித்தாமூர் பக்கம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. எல்லாம் மெத்தனால் என்ற விஷச் சாராயம். குடித்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுகூட அறிகுறி தெரியலாம்: பார்வை மங்கல், வயிற்று வலி, மூச்சிரைப்பு. ஒருவருக்கு வந்தால் அதே இடத்தில் வாங்கிக் குடித்த எல்லாரையும், நன்றாக இருப்பவரையும் சேர்த்து, 108இல் ஏற்ற வேண்டும். விற்பனை தெரிந்தால் புகார் சொல்ல 10581.

ராத்திரியில் யாரிடமும் கேட்க முடியாத நேரத்துக்கு மனநல உதவி எண் 14416, போதை மீட்புக்கென்றே 14446. இரண்டையும் முகாமுக்கு வருகிறவர் ஒவ்வொருவர் போனிலும் நீங்களே பதிந்து கொடுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களில் இரண்டு பேர் வேலை நாளில் விடுப்பு எடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். டயஸிபாமும் தயமினும் இருப்பில் உண்டா, மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், அவர் முகாமின் முதல் நாளும் எட்டாம் நாளும் வருவாரா என்று கேளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது அவர் தேதி சொன்ன பிறகு.